நடுநிலைப் பள்ளியின் மேல் மூன்று வகுப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பும், மகன் அதே பள்ளியில் நான்காம் வகுப்பும் படிக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் பள்ளி மேலாண்மைக் குழு புதிதாக அமைக்கப்பட்டபோது பெற்றோர் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். இந்த ஆண்டு ஆகஸ்டில் குழு மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோதும் மற்றப் பெற்றோர்கள் என்னையே மறுபடி நிறுத்தினார்கள். பள்ளிக்குள் போய்வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட எனக்குச் சற்று அதிகம் என்பதால், அங்கே கண்டதையும் எங்கள் ஊர்ப் பெற்றோர்கள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு இடங்களில்தான் வெளிச்சம் விழுகிறது. ஒன்று, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள். அவர்களுக்குக் காலை உணவு உண்டு, எண்ணும் எழுத்தும் திட்டம் உண்டு. மற்றொன்று, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும். அவர்களுடைய தேர்ச்சி விழுக்காடு மே மாதத்தில் மாவட்ட வாரியாக அச்சாகிறது. இடையில் உள்ள ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிறுவர்களும் இல்லை, பொதுத்தேர்வு எழுதுபவர்களும் இல்லை. அவர்களுக்கு என்ன குறை என்று கேட்டு வருபவர் அநேகமாக யாருமில்லை. அந்த மூன்று வகுப்புகள் உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ இருந்தால் அங்குள்ள பாட ஆசிரியர்களின் நிழலாவது அவர்கள்மேல் விழும். எங்கள் ஊரைப்போல ஒன்றியப் பள்ளியோடு இருக்கும்போது அதுவும் இல்லை.

என் மகளின் கணக்கு நோட்டை எடுத்துக் கொள்கிறேன். முதல் பருவப் புத்தகத்தின் முதல் பாடம் முழுக்கள். கூட்டல், கழித்தல், எண்கோடு என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. கடைசிக் கையெழுத்து ஜூலை 18ஆம் தேதி. அடுத்த பக்கத்தில் ‘முழுக்களின் பெருக்கல்’ என்று தலைப்பு எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கடுத்த பக்கங்களில் அவளாகவே வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதிய விடைகள் சில. அவற்றின்மேல் யாருடைய மையும் படவில்லை. ஒரு நாள் இரவு நான் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்து, “அம்மா, மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது?” என்று கேட்டாள். நான் பி.ஏ. தமிழ் படித்தவள். அப்படித்தான் வரும், மனப்பாடம் செய்துகொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே இன்றுவரை உறுத்துகிறது. அவள் விடையைக் கேட்கவில்லை, காரணத்தைக் கேட்டாள்; பதில் சொல்ல வேண்டியவர் பள்ளியில் இல்லை.

நடந்தது இதுதான். கணக்கும் அறிவியலும் எடுத்துவந்த பட்டதாரி ஆசிரியை ஜூலையில் நடந்த இடமாறுதல் கலந்தாய்வில் தம் சொந்த ஊருக்கு அருகில் இடம் கிடைத்துப் போய்விட்டார். ஆறு ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தவர். வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் அவர் போனதை எந்தப் பெற்றோரும் குறை சொல்லவில்லை. வழியனுப்பு விழாவில் நாங்களே அழுதோம். குறை என்னவென்றால், அவர் போன நாற்காலிக்கு நவம்பர் பிறந்த பிறகும் ஆள் வரவில்லை. சமூக அறிவியல் ஆசிரியரே கணக்கு வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார். அறிவியலைத் தலைமை ஆசிரியர் நேரம் கிடைக்கும்போது எடுக்கிறார். ஆனால் நேரம் எங்கே கிடைக்கிறது? ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எழுத்தர் பணியிடமே கிடையாது. பள்ளி, மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவது, வட்டார வள மையத்துக்குப் போய்ப் புத்தகமும் சீருடையும் எடுத்து வருவது, வங்கிக் கணக்கு தொடங்காத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போவது என எல்லாம் அவர் தலையில்தான். ஓர் ஆசிரியைக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மேலாண்மைக் குழுவுக்கு அளித்த பயிற்சியில்தான் நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். அவர்களில் அறிவியலுக்கும் கணக்குக்குமாக ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடங்களுக்கு ஒருவர் என்று அமைய வேண்டும். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியரையும் சேர்த்து ஏழு பணியிடங்கள். ஒன்று காலியானாலே வரம்பு தாண்டிவிடுகிறது. கீழ் வகுப்புகளில் ஓர் இடைநிலை ஆசிரியர் இல்லாவிட்டால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து இன்னொருவர் சமாளிக்க முடியும். அதுவும் சரியில்லைதான், ஆனாலும் பாடம் நடக்கும். மேல் வகுப்புகளில் பாட ஆசிரியர் ஒருவர் போனால் அந்தப் பாடமே மூன்று வகுப்புகளுக்கும் நின்றுவிடுகிறது. காலிப் பணியிடங்களை மாவட்டத்துக்கு இத்தனை, ஒன்றியத்துக்கு இத்தனை என்று கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

தற்காலிக ஏற்பாட்டுக்கு வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. காலியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் ஆசிரியரை அமர்த்தும் முறையை அரசு 2022இல் கொண்டுவந்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000 ரூபாய். எங்கள் ஊரிலேயே பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறிய பெண் ஒருவர் இருக்கிறார். ஆகஸ்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அவருடைய சான்றிதழ்களை இணைத்து, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தோம். மேலிடத்து அனுமதி வர வேண்டும் என்றார்கள். செப்டம்பரில் போனோம், அதே பதில். அக்டோபரில், பணிநிரவலில் வேறு பள்ளியிலிருந்து உபரி ஆசிரியர் ஒருவரே வரக்கூடும், அதனால் பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருக்கிறோம். அந்தப் பெண் இப்போது பக்கத்து நகரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருக்கிறார்.

இதில் பெற்றோர்களை மிகவும் அச்சுறுத்துவது வேறொன்று. ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்று நிர்ணயிக்கிறார்கள். கணக்கு டீச்சர் இல்லை என்று தெரிந்ததும் ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். காலை ஏழே முக்காலுக்கு ஊர் முனையில் வந்து நிற்கும் மஞ்சள் வேனில் இப்போது அந்த மூவரும் ஏறுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி வேலை செய்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் போகிறார்கள், பிள்ளைகள் போனதால் அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பணியிடமே உபரி என்று கணக்காகி வேறு பள்ளிக்குப் போய்விடும். அப்புறம் யார் எத்தனை தீர்மானம் போட்டு என்ன பயன்? பிள்ளைகள் குறைந்ததற்குப் பெற்றோரின் ஆங்கில மோகமே காரணம் என்று கூட்டங்களில் பேசுபவர்கள், அந்த மூன்று குடும்பங்களும் ஆகஸ்டு வரை எங்களோடு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நடந்தவை என்பதை அறிய வேண்டும்.

வெளியேறும் பிள்ளைகள் இழப்பதும் சிறிதல்ல. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இலும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் அதே அளவு ஒதுக்கீடு 2021இலும் வந்தன. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஆக, ஆறாம் வகுப்பு என்பது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தில் எவ்வளவு முக்கியமான வாசற்படி என்று அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த வாசற்படியில்தான் கணக்கு ஆசிரியர் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்னும் உதவித்தொகைத் தேர்வையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் தேறி உதவித்தொகைக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அது என்ன தொகை என்பதை விளக்க வேண்டியதில்லை. கடந்த ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து இருவர் தேறினார்கள். இருவரும் பெண் பிள்ளைகள். ஒருத்தியின் தாய் செங்கல் சூளையில் வேலை செய்பவர். மாலை ஐந்தரை வரை அவர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தவர் மாறுதலில் போன அதே டீச்சர். தேர்வின் இரு பகுதிகளிலும் கணக்கு தெரியாமல் ஒரு பிள்ளை தேறுவது கடினம். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

இனி காலை உணவைப் பற்றிச் சொல்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் வைத்து அனைத்து அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. என் மகன் அதனால் பயன்பெறுகிறான். திங்களன்று உப்புமா, புதனன்று பொங்கல் என்று கிழமையை அவன் சாப்பாட்டை வைத்துத்தான் சொல்கிறான். வெள்ளிக்கிழமை கேசரி என்பதால் அன்று அவனை எழுப்பவே வேண்டியதில்லை. இத்தகைய ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு தாயாக நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் இந்த உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தொடக்கப் பள்ளியாக மட்டும் இருந்தால் யாருக்கும் தெரியாது. எங்களுடையது நடுநிலைப் பள்ளி, ஒரே வளாகம், ஒரே வராந்தா. காலை எட்டேகாலுக்குத் தம்பியின் கையைப் பிடித்து அழைத்துவரும் அக்கா, அவனைத் தட்டின் முன்னால் உட்காரவைத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் நிற்கிறாள். பத்து நாட்களுக்கு முன் நான் சீருடை அளவெடுக்கப் போயிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். என் மகளோடு ஆறேழு பிள்ளைகள் அந்த மரத்தடியில் சாப்பாட்டுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது என்று பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது. அங்கே சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரியின் மூத்த மகனும் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். அத்தனை பிள்ளைகளுக்கும் பரிமாறுகிற அந்தத் தாய், தன் மகனுக்கு ஒரு கரண்டி வைக்க விதி இடம் தரவில்லை.

வீட்டில் சாப்பிட்டு வரக் கூடாதா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரின் காலைப் பொழுதை அறியாதவர்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையிலேயே வேலையிடத்தில் நின்று புகைப்படம் எடுத்துக் கைபேசிச் செயலியில் வருகை பதிவாக வேண்டும். தாமதமானால் அன்றையக் கூலி போய்விடும். கடலை பறிப்புக் காலத்தில் இன்னும் சீக்கிரம் கிளம்புகிறார்கள். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். இருந்தால் பிள்ளை குடித்துவிட்டு வரும், தம்பி தங்கையைக் கிளப்பும் அவசரத்தில் பல நாள் அதுவும் நடப்பதில்லை. பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உடம்பு வளரும் வயது. பெண் பிள்ளைகள் பெரியவர்களாகும் வயது. இரத்தசோகை வராமலிருக்க இந்த வகுப்புகளுக்கு வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை அதை விழுங்கிவிட்டுக் குமட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததை எங்கள் தெருவிலேயே இரண்டு தாய்மார்கள் சொன்னார்கள். அதிலிருந்து மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளை மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது.

இதற்கு முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அதுவும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் தொடக்கப் பள்ளி வயதினருக்கும்தான் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1984இல், பத்து முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. அதனால்தான் இன்று மதியம் என் மகளுக்கும் தட்டு வைக்கிறார்கள், முட்டை வைக்கிறார்கள். காலை உணவு தொடங்கியும் இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. எங்கள் பள்ளியில் அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, சமைக்கும் ஆள் இருக்கிறார். ஆறு முதல் எட்டு வரை மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர்தான். எல்லா உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது பெரிய செலவு என்றால், காலை உணவு ஏற்கெனவே சமைக்கப்படும் நடுநிலைப் பள்ளிகளிலிருந்தாவது தொடங்கலாம். ஒரே கூரையின்கீழ் சிலர் உண்ண, சிலர் நிற்பது முதலில் முடிவுக்கு வரட்டும்.

கட்டடத்தைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் பழைய ஓட்டுக் கட்டடத்தைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்த பிறகு மாநிலமெங்கும் பழுதான கட்டடங்களை இடித்தபோது எங்களுடையதும் இடிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் பிள்ளைகள் வராந்தாவிலும் சமுதாயக் கூடத்திலும் படித்தார்கள். இப்போது இரண்டு புதிய வகுப்பறைகள் வந்துவிட்டன. காற்றும் வெளிச்சமும் உள்ள நல்ல அறைகள்.

கழிப்பறையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பெண் பிள்ளைகளுக்கென்று மூன்று இருக்கின்றன. சென்ற மாதம் வரை ஒன்றில் உள்தாழ்ப்பாள் இல்லை, ஒன்றுக்குத் தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. மூன்றாவதற்கு முன்னால் இடைவேளையின் பத்து நிமிடத்தில் முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அத்தனை பெண் பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சுத்தம் செய்ய வரும் பணியாளர் பாவம், இரண்டு பள்ளிகளுக்கும் ஓர் அங்கன்வாடிக்கும் அவர் ஒருவரே. அவருக்குக் கிடைக்கும் மாதத் தொகையைக் கேட்டால் யாரும் அவர்மேல் கோபப்பட மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், என் மகளின் தண்ணீர் பாட்டிலால். காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் மாலையில் நிரம்பியபடியே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள், “குடித்தால் போக வேண்டியிருக்கும் அம்மா” என்றாள். பிறகு மற்றத் தாய்மார்களிடம் விசாரித்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒன்பது வீடுகளில் கேட்டதில் ஏழு வீடுகளில் இதே கதை. மாதவிலக்கு நாட்களில் பலர் பள்ளிக்கே வருவதில்லை. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் தருகிறார்கள். அதை மாற்றுவதற்குக் கதவும் தண்ணீரும் உள்ள ஓர் இடம் வேண்டும் அல்லவா? ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன? சென்ற மாதம் நாங்கள் ஐந்து தாய்மார்கள் சேர்ந்து காசு போட்டுத் தாழ்ப்பாளை வாங்கிப் பொருத்திவிட்டோம். குழாய்க்கு மோட்டார் வேண்டும், அது எங்கள் கையை மீறியது.

பெற்றோர்களுக்கு ஆர்வமில்லை, கையெழுத்துப் போட மட்டும் வருகிறார்கள் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். எங்கள் குழுவின் தலைவி நடவு வேலைக்குப் போகிறவர், நான்காம் வகுப்புதான் படித்தவர். கூட்டத்தன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். நாங்கள் போடும் தீர்மானங்களைச் செயலியில் பதிவேற்றுகிறோம். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வருகிறது, அதற்குப்பின் கிணற்றில் போட்ட கல்தான். எந்த அலுவலகத்தில், எந்த நிலையில் இருக்கிறது, மறுக்கப்பட்டதா, மறுத்தால் என்ன காரணம் என்று ஒரு வரி பதில் வந்தாலும் அந்தத் தலைவி தான் விட்ட கூலிக்குப் பொருள் உண்டு என்று நினைத்துக்கொள்வார். “போன கூட்டத்திலும் இதையேதானே எழுதினோம்?” என்று அவர் கேட்கும்போது தீர்மானப் பதிவேட்டை எழுதுகிற எனக்குத் தலை நிமிர முடிவதில்லை.

என் தாயார் 1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், தம் முப்பத்தைந்தாவது வயதில் எழுதப் படிக்கக் கற்றவர். அப்போதுதான் எங்கள் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள்; அவர்களில் அவரும் ஒருவர். கையெழுத்துப் போடத் தெரிந்ததும் அவர் முதலில் போன இடம் இந்தப் பள்ளிதான். அப்போது ஐந்தாம் வகுப்பு வரை இருந்த பள்ளியை எட்டாம் வகுப்பு வரை உயர்த்தக் கேட்டு எழுதிய மனுவில், கைநாட்டு வைக்காமல் கையெழுத்திட்ட பெண்களில் அவரும் உண்டு. அந்த மேல் மூன்று வகுப்புகளும் எங்கள் ஊருக்கு அப்படி வந்தவை. அதற்கு முன்னால் ஆறாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்ததால் பெண் பிள்ளைகளின் படிப்பு ஐந்தோடு முடிந்தது. ‘இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பதில் உன் மகளையும் வேனில் ஏற்றிவிடேன்’ என்று சொல்லும் உறவினர்களிடம் நான் இந்தக் காரணத்தைத்தான் சொல்கிறேன். என் மகளை நான் எப்படியாவது வேனில் ஏற்றிவிடலாம். மற்ற ஐம்பத்தேழு பேரை யார் ஏற்றுவார்கள்?

நல்லதையும் மறைக்கக் கூடாது. அறிவியலையும் கணக்கையும் செய்முறையாகக் காட்ட 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை சோதனைப் பொருள்களோடு இருசக்கர வாகனத்தில் வருகிறார். அந்த நாளில் ஒரு பிள்ளைகூட விடுப்பு எடுப்பதில்லை. பலூனும் சோடா உப்பும் வைத்து அவர் காட்டிய சோதனையை என் மகள் வீட்டில் மூன்று முறை செய்துகாட்டினாள். சொல்லிக் கொடுத்தால் பற்றிக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். தமிழாசிரியர் சனிக்கிழமைகளிலும் வந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவருக்குத் தனியே சொல்லித் தருகிறார். கொரோனாக் காலத்தில் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பின் ஒரு பகுதியையும் பள்ளியைக் காணாமலே கடந்துவந்த பிள்ளைகள் அவர்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வரும் பகுதிநேர ஓவிய ஆசிரியர் 12,500 ரூபாய்க்கு முப்பது கிலோமீட்டர் வந்து போகிறார். பகுதிநேர ஆசிரியர்களின் ஊதியமும் வரும் ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா நிதியில் இந்த ஆண்டின் முதல் தவணையான 573 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை என்று செய்தித்தாளில் படித்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். அரசுகளுக்கிடையே உள்ள வழக்கை அரசுகள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்கு விலையாக ஓவிய வகுப்பு போய்விடக் கூடாது.

பள்ளிக் கல்வித் துறையிடம் நாங்கள் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதைத் தொடக்க வகுப்புகளோடு சேர்க்காமல் பாடவாரியாகத் தனியே கணக்கெடுக்க வேண்டும். பாட ஆசிரியர் மாறுதலில் போகும்போது, அவ்விடத்துக்கு நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ ஆள் வந்த பிறகே அவரை விடுவிக்க வேண்டும்; அது முடியாதென்றால், குழு முன்மொழியும் தகுதியான தற்காலிக ஆசிரியரை அமர்த்த அந்த மாதமே அனுமதி தர வேண்டும். ஆசிரியர் இல்லாத காரணத்தால் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் அந்தக் குறைவைக் காட்டிப் பணியிடத்தை எடுக்கக் கூடாது. காலை உணவையும் கழிப்பறையையும் பற்றி மேலே எழுதிவிட்டேன்.

இரண்டாம் பருவத் தேர்வு டிசம்பரில் வருகிறது. எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு, எங்கள் கடிதங்கள் தேங்கி நிற்கும் அலுவலகங்களிலிருந்து யாராவது ஒருவர் வந்து, அந்தத் தலைவியின் முன்னால் உட்கார்ந்து, ஆகஸ்டிலிருந்து எழுதிய தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் நடவுக்குப் போனவர்களும் திரும்பிவிடுவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.
நவம்பர் 2024